பரம்பரை வக்கீல் ஆபீஸில் சேர்கிறவர்களுக்கு

தாத்தா போட்ட பெயர்ப்பலகை, அப்பா கட்டிய மாடி, இப்போது பிள்ளையோ மகளோ மருமகளோ நடத்துகிற அலுவலகம். இப்படிப்பட்ட வக்கீல் ஆபீஸ் இல்லாத கோர்ட் ஊர் தமிழ்நாட்டில் அநேகமாகக் கிடையாது. அங்கே சேர்கிறவர் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், வெளியிலிருந்து வந்த ஜூனியராகவும் இருக்கலாம். இருவரிடமும் ஊர் சொல்வது ஒன்றுதான்: "உனக்கென்னப்பா, எல்லாம் தயாரா இருக்கு." இதை நம்பிச் சேர்கிறவர்கள் ஐந்தாறு ஆண்டில் திணறிப்போகிறார்கள். கட்சிக்காரர்கள் பெரியவரை நம்பி வந்தவர்கள். பெரியவர் கோர்ட்டுக்கு வருவதை நிறுத்தினால் அவர்களில் கணிசமானவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். உண்மையில் கைமாறுவது பழைய கட்டுகளும், அதாவது வழக்குத் தாள்களின் தொகுப்புகளும், அந்தக் கட்டுகளோடு ஒட்டிக்கொண்டு வருகிற கடமைகளும்தான். இந்தப் பதிவு முழுக்க அவற்றைப் பற்றியதுதான்.

முதலில் பதிவு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் பார் கவுன்சிலில் பதிவு செய்யக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். பதிவுக்காக இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வை இரண்டு ஆண்டுக்குள் எழுதித் தேற வேண்டும். அப்பா பெரிய வக்கீல் என்பதால் இதில் எந்தச் சலுகையும் இல்லை. வீட்டுப் பிள்ளைகள் சிலர் "அப்புறம் எழுதிக்கலாம்" என்று தள்ளிப்போட்டுவிட்டு, கெடு நெருங்கும்போது அலைவதுண்டு. முதல் வாய்ப்பிலேயே முடித்துவிடுங்கள்.

உதவித்தொகை பற்றி வெளியிலிருந்து வருகிறவர்கள் தயங்காமல் கேட்கலாம். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்று குறைந்தபட்சத் தொகைக்கு வழி செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்துச் சுற்றறிக்கை விட்டது. தாலுகா ஊர்களில் இதைவிடக் குறைவாகத்தான் பல இடங்களில் தருகிறார்கள். தொகை குறைவாக இருந்தாலும் சேரத் தகுந்த ஆபீஸ் எது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று: ஜூனியர் கையில் கட்டைக் கொடுத்து வாதாட விடுகிறார்களா? வாய்தா வாங்க மட்டும் அனுப்புகிற இடத்தில் இருபதாயிரம் கொடுத்தாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்க வேண்டாம்.

இனி டைரி. ஆபீஸ் டைரியில் ஒவ்வொரு வழக்குக்கும் ஐந்து விவரம் இருக்க வேண்டும்: வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர், எந்தக் கோர்ட், வழக்கு எந்த நிலையில் நிற்கிறது, அடுத்த தேதி. ஆறாவதாக ஒன்றைச் சேர்த்து எழுதப் பழகுங்கள்: அடுத்த தேதிக்குள் நம் தரப்பில் செய்ய வேண்டியது என்ன. "எதிருரைக்காக" (பிரதிவாதி தரும் எழுத்துமூலப் பதிலுக்காக) என்று மட்டும் எழுதினால் போதாது. "எதிருரைக்காக, கட்சிக்காரரிடம் 1987 கிரயப் பத்திரம் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை" என்று எழுதினால்தான் நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் இன்னொருவர் எடுத்து நடத்த முடியும். கோர்ட்டில் தேதி சொன்ன உடனே அங்கேயே குறிக்க வேண்டும். மாலை திரும்பியதும் கட்டின் மேலுறையில் அதே தேதியை எழுத வேண்டும். இரவு இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாத நாளில், மறுநாள் காலை பெஞ்ச் கிளார்க்கிடம் போய்க் கேட்டுவிட வேண்டும். தேதி தவறியதால் தள்ளுபடி ஆன வழக்கையோ எக்ஸ்பார்ட்டி ஆன (ஆஜராகாத பிரதிவாதிக்கு எதிராக ஒருதலையாகத் தீர்ப்பான) வழக்கையோ மீட்க மனுப் போட 30 நாள்தான் அவகாசம். ஒரு தேதிப் பிசகை அந்த 30 நாளுக்குள் யாரும் கவனிக்காமல் போவது எப்போது தெரியுமா? டைரியை ஒருவர் எழுதி, கட்டை இன்னொருவர் எடுத்து, கோர்ட்டுக்கு மூன்றாமவர் போகிற ஆபீஸில்தான். பெரிய ஆபீஸ்களுக்கே உரிய நோய் இது.

காலக்கெடுக்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். எதிருரைக்கு சம்மன் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், நீட்டித்தால் 90. சாதாரண சிவில் வழக்கில் 90 தாண்டினாலும் தக்க காரணம் காட்டி அனுமதி வாங்க முடியும். வணிக வழக்கில் 120ஆவது நாளோடு கதவு சாத்தப்பட்டுவிடும், எந்தக் காரணமும் செல்லாது. மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்புச் சொன்ன அன்றே நகல் மனுப் போட்டுவிடுங்கள். நகல் கிடைக்க ஆகிற காலம் கணக்கில் கழியும், ஆனால் மனுப் போட்ட நாளிலிருந்துதான் கழியும். "கட்சிக்காரர் அப்பீல் போறாரான்னு சொல்லட்டும், அப்புறம் நகலுக்குப் போடலாம்" என்று காத்திருப்பது வீண் இழப்பு.

நிறைவேற்றுதல் மனுவில், அதாவது ஜெயித்த தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் மனுவில், இன்னும் பெரிய ஆபத்து. தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 ஆண்டு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். செயலுறுத்துக் கட்டளைக்கு, அதாவது சுவரை இடி, பாதையைத் திறந்து விடு என்பது போன்ற உத்தரவுக்கு, 3 ஆண்டுதான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. நிறைவேற்றுதல் மனுவுக்குத் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவும் உதவாது. பழைய ஆபீஸ் என்றால், முந்தைய தலைமுறை ஜெயித்துக் கொடுத்துக் கட்டிவைத்த தீர்ப்பாணைகள் அலமாரியில் இருக்கும். சேர்ந்த முதல் கோடை விடுமுறையில் அவற்றை எடுத்து, எதற்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்று ஒரு பட்டியல் போட்டுப் பெரியவர் மேஜையில் வையுங்கள். அந்த வேலை உங்கள் மதிப்பை உயர்த்துவது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கட்சிக்காரரின் நிலம் அதனால் காப்பாற்றப்படலாம்.

கட்டு அறையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொடங்கிய எந்த ஆபீஸாலும் விலை கொடுத்து வாங்க முடியாதது அது ஒன்றுதான்.

கிராமப்புற நில வழக்கில் பாதிச் சிக்கல் சர்வே எண்ணில் இருக்கும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான், பல இடங்களில் உட்பிரிவுகள் மாறின, பட்டாக்களில் பெயர்கள் விட்டுப்போயின, தவறிப் புகுந்தன. அதற்கு முந்தைய கட்டுகளில் பழைய எண், நான்கெல்லை, அன்றைய சாகுபடிதாரர் பெயர், பழைய கிராம வரைபடத்தின் நகல் எல்லாம் இருக்கும். இன்றைய பட்டாவில் இருக்கிற எண்ணையும் 1950களின் பத்திரத்தில் இருக்கிற எண்ணையும் இணைத்துக் காட்டுகிற ஒரே தாள் சில சமயம் அந்த ஆபீஸ் அலமாரியில்தான் கிடக்கும். ஆகவே பழைய கட்டுகளுக்குக் கட்சிக்காரர் பெயர்ப்படி மட்டும் அட்டவணை போட்டால் போதாது. கிராமம், சர்வே எண் வாரியாக இன்னொரு அட்டவணை வேண்டும். கணினியில் நான்கு கட்டம் போதும்: கிராமம், பழைய எண், புதிய எண், கட்டு எண். ஒரு நாளைக்குப் பத்துக் கட்டு என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் பெரும் பகுதி முடிந்துவிடும்.

முப்பது ஆண்டு கடந்த பத்திரம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து கோர்ட்டுக்கு வந்தால், அதில் உள்ள கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய அதினியத்தில் 92ஆம் பிரிவு. இதில் "இருக்க வேண்டிய இடம்" என்பதுதான் குறுக்கு விசாரணையில் அடிபடும். கட்சிக்காரரின் தந்தை 1975இல் மூலப்பத்திரத்தை வக்கீல் ஆபீஸில் கொடுத்து வைத்தார் என்று சொன்னால், கொடுத்ததற்குப் பதிவேடு எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதனால் அசல் ஆவணங்களுக்கென்று தனிப் பதிவேடு கட்டாயம் வேண்டும். பெற்ற தேதி, யாரிடமிருந்து, பத்திர எண்ணும் ஆண்டும், எத்தனை பக்கம், திருப்பிக் கொடுத்த தேதி, வாங்கியவர் கையெழுத்து, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியீடு செய்த அசல், வழக்கும் மேல்முறையீடும் முடிந்த பிறகு மனுப் போட்டால்தான் திரும்பும். அதை யாரும் கேட்காமல் விட்டுவிட்டுப் பேரன் காலத்தில் "பத்திரம் உங்க ஆபீஸ்லதான் இருக்கு" என்று சண்டை வரும்.

பழைய பத்திரத்தை லேமினேட் செய்யவே கூடாது. முத்திரைத்தாளையும் மையையும் பரிசோதிக்க முடியாமல் போகும், கோர்ட் குறியீட்டு முத்திரையை அதன்மேல் போட முடியாது, சூட்டில் தாளே பழுதாகும். மடிப்பு நீக்கி, அமிலமில்லாத உறையில், படுக்கை வாட்டில் வைத்தாலே போதும். சுவரை ஒட்டி மர அலமாரி போடாதீர்கள். ஈரமும் கரையானும் சுவர் வழியாகத்தான் வரும். இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிறுத்துங்கள், கீழ்த்தட்டில் கட்டு வைக்காதீர்கள்.

கட்டணம் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கிக்கு வழக்குப் போடலாம். கட்டைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். "அந்தக் காலத்திலிருந்து இப்படித்தான்" என்று ஆபீஸில் யாராவது சொன்னால், மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுங்கள்.

பழைய ஆபீஸுக்கே உரிய மிகப் பெரிய கண்ணி, எதிரெதிர்த் தரப்பு. பார் கவுன்சில் விதி 33 சொல்வது இது: ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ, அவருக்காகப் பிராதோ (வாதியின் வழக்கு மனு) எதிருரையோ எழுதியவரோ, அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. 1982இல் நான்கு அண்ணன் தம்பிகளுக்கும் சேர்த்துத் தாத்தா பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியிருப்பார். இன்று மூத்தவரின் பேரனும் இளையவரின் மகளும் தனித்தனியே வந்து, "நாங்க பரம்பரையா உங்க கட்சிக்காரங்க" என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை. விதியின் எழுத்து தாத்தாவை மட்டும் கட்டும் என்று வாதிடலாம்தான். ஆனால் இரு கிளைகளின் ரகசியமும் ஒரே அலமாரியில் இருக்கும்போது, யாராவது ஒருவருக்கு ஆஜரானால் மற்றவர் அதை நம்பிக்கைத் துரோகம் என்றுதான் எடுத்துக்கொள்வார், அப்படி நினைப்பதில் நியாயமும் உண்டு. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்கிற கடமை, வேலை முடிந்த பிறகும் தொடர்கிறது. குமாஸ்தாவையும் அது கட்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. புதிதாக யார் வந்தாலும், கதை கேட்பதற்கு முன் ஐந்து விவரம் மட்டும் வாங்க வேண்டும்: அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், எதிர்த்தரப்பு யார், சர்வே எண் இருந்தால் அது. பெயரை மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயரோடும் கிராமத்தோடும் சேர்த்துத் தேட வேண்டும். ஏதாவது தட்டுப்பட்டால், "ஐயா, இந்தக் குடும்பத்துக்கு நாங்க ஏற்கெனவே பார்த்திருக்கோம், இதை நாங்க எடுக்க முடியாது" என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். அரைமணி நேரம் கதை கேட்ட பிறகு சொன்னால், கேட்டதை மறக்க முடியாது. இரு தரப்பும் சேர்ந்து வந்து சமரசம் பேசித் தரச் சொன்னால், இரு தரப்பிடமும் எழுத்து வாங்கிக்கொண்டு பேசலாம். அது முறிந்தால் இருவருக்குமே ஆஜராகாமல் விலகிக்கொள்வதுதான் சரி.

உயில் எழுதும் ஆபீஸ்களில் இன்னொரு பழக்கம் உண்டு: சாட்சிக்கு ஆள் இல்லையென்றால் ஜூனியரையும் குமாஸ்தாவையும் கையெழுத்துப் போடச் சொல்வது. உயிலை நிரூபிக்கச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒருவரையாவது, அவர் உயிரோடு இருந்தால், கூண்டில் ஏற்ற வேண்டும். சாட்சியாக நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்த வழக்கில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 13. ஆக, நீங்கள் கையெழுத்துப் போட்ட உயில் நாளை வழக்கானால் அதை நடத்த உங்களால் முடியாது. உயில் எழுதுகிறவரைவிட வயது குறைந்த, ஆதாயம் எதுவும் அடையாத, அதே ஊரில் தொடர்ந்து இருக்கப்போகிற இரண்டு பேரை அழைத்து வரச் சொல்லுங்கள். எழுபது வயது நண்பர்கள் இருவர் போட்ட கையெழுத்து, பதினைந்து ஆண்டு கழித்து வழக்கு வரும்போது உதவாது.

பழைய மாதிரிப் பிராதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாத்தாவின் வரைவுகளைப் படிக்க வேண்டும், பலமுறை படிக்க வேண்டும். வழக்குமூலம், அதாவது வழக்குப் போடக் காரணமான நிகழ்வு, எந்தத் தேதியில் எங்கே எழுந்தது என்பதை ஒரே பத்தியில் சொல்லும் கட்டுக்கோப்பு இன்றைய வரைவுகளில் அரிது. ஆனால் பிரதி எடுக்கக் கூடாது, சட்டம் நகர்ந்துவிட்டது. பிராதில் உள்ளது உண்மை என்று கட்சிக்காரர் கையெழுத்திடும் சரிபார்ப்புக்குக் கூடவே பிரமாணப் பத்திரம் இணைப்பது 2002க்குப் பிறகு வந்தது. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் நீதிமன்றத்தின் விருப்புரிமை பற்றிய பழைய பத்திகள் 2018 அக்டோபர் 1 முதல் வலுவிழந்தன. வாடகைக் கட்டுப்பாட்டு மனுக்களில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் காரணங்களை வரிசையாக அடுக்கிய வரைவு எல்லா ஆபீஸிலும் இருக்கும். 2019 பிப்ரவரி 22 முதல் 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, அங்கே முதல் கேள்வியே எழுத்துமூல ஒப்பந்தம் இருக்கிறதா என்பதுதான்.

பாகப்பிரிவினையில் இது இன்னும் கூர்மை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மாநிலத் திருத்தம் தந்தது. 2005 செப்டம்பர் 9இன் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் தந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையும் கோர்ட் தீர்ப்பாணையால் நடந்த பாகப்பிரிவினையும் பாதுகாக்கப்படுகின்றன. பழைய கட்டில் மகள்களை வாரிசுப் பட்டியலிலேயே சேர்க்காமல் எழுதிய பிராது இருந்தால், அதே குடும்பத்துக்கு இன்று எழுதும்போது அதை அப்படியே தொடர்வது, அவசியமான தரப்பினரைச் சேர்க்காத குறையில் போய் முடியும்.

வக்காலத்து, அதாவது தனக்காக ஆஜராகக் கட்சிக்காரர் வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம். இது சின்ன விஷயம் போலத் தெரியும், தலைமுறை மாறும்போது ஆபீஸையே ஆட்டிவிடும். சி.பி.சி. (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 3 ரூல் 4இன்படி வக்கீல் இறந்தால் அவருடைய வக்காலத்தும் முடிந்துவிடுகிறது. பெரியவர் பெயர் மட்டும் இருந்த வக்காலத்துகள் அத்தனையும் அவர் கண்மூடிய நாளில் செல்லாதவை. மகன் அதே ஆபீஸில் இருக்கிறார் என்பதால் அவருக்கு ஆஜராகும் அதிகாரம் தானாக வராது. துக்க வீட்டில் இருந்துகொண்டு முன்னூறு கட்சிக்காரர்களிடம் புது வக்காலத்துக் கையெழுத்து வாங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் தாக்கல் செய்கிற ஒவ்வொரு வக்காலத்திலும் ஆபீஸில் உள்ள இரண்டு மூன்று வக்கீல்களின் பெயர், பதிவு எண், கையெழுத்து இருக்கட்டும். பழையவற்றில் இல்லையென்றால், பெரியவர் நலமாக இருக்கும்போதே ஒவ்வொரு வாய்தாவிலும் கூடுதல் வக்காலத்துப் போட்டுக்கொண்டே வாருங்கள்.

பெரியவர் மூத்த வழக்கறிஞராகத் தகுதி பெற்றாலும் இதே சிக்கல்தான். வழக்கறிஞர்கள் சட்டம் 16ஆம் பிரிவின் கீழ் அந்தத் தகுதி பெற்றவர் அதன்பின் வக்காலத்துத் தாக்கல் செய்ய முடியாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்கவும் முடியாது. அவர் பெயரில் இருந்த எல்லாம் மற்றவர் பெயருக்கு மாற வேண்டும். விண்ணப்பம் போடும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இறப்பு என்றதும் இன்னொன்று. வழக்கில் ஒரு தரப்பினர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்து வழக்கு அபேட் ஆகிவிடும், அதாவது அற்றுப்போகும். அதை நீக்க அடுத்த 60 நாள். அதுவும் போனால் தாமத மனு. நம் கட்சிக்காரர் இறந்த செய்தி தெரிந்தால் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டியது நம் கடமை, அந்த அளவுக்கு வக்காலத்து உயிரோடு இருக்கிறது. ஊர்ப்பக்கத்து ஆபீஸ்களில் இந்தச் செய்தி முதலில் எட்டுவது குமாஸ்தா காதுக்குத்தான்.

குமாஸ்தாவிடம் வருகிறேன். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு குமாஸ்தா, சட்டக் கல்லூரி சொல்லித் தராத எல்லாவற்றையும் சொல்லித் தருவார்: பிராதை எந்த வரிசையில் தைப்பது, கோர்ட் கட்டண மதிப்பீட்டை எங்கே எழுதுவது, சம்மன் பேட்டா (சம்மன் அனுப்பும் செலவுக்கான தொகை) எப்போது கட்டுவது, ரிட்டர்ன் ஆன தாளை எத்தனை நாளுக்குள் குறை நீக்கி மறுதாக்கல் செய்வது. பேட்டா கட்டாததால் தள்ளுபடியான வழக்குகள் உண்டு. ரிட்டர்ன் வாங்கிவந்த பிராது அலமாரியில் மறந்துபோய் ஆண்டுக்கணக்கில் கிடந்து, மறுதாக்கல் தாமதத்துக்கு மனுப் போட வேண்டிய நிலையும் வருவதுண்டு. அவரை "அண்ணே" என்றோ "ஐயா" என்றோ அழையுங்கள், அவர் உங்களைத் "தம்பி" என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் அவரோடு ஒவ்வொரு செக்ஷனுக்கும் நேரில் போய்வாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் இதைத் தவிர்க்கிறார்கள். பெரியவருக்குப் பின் ஓராண்டில் குமாஸ்தாவும் ஓய்வு பெறும்போதுதான் எந்தத் தாள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்பது புரியும்.

பணம். தாத்தா காலத்தில் "முடிஞ்சதைக் கொடுங்க" என்பார்கள், கட்சிக்காரர் அறுவடைக்குப் பின் கொடுப்பார். அந்த உறவு உயர்ந்தது, ஆனால் கணக்கில்லாத உறவு அடுத்த தலைமுறையில் மனக்கசப்பாகிறது. கட்டணம் இவ்வளவு, கோர்ட் கட்டணமும் செலவும் தனி, மேல்முறையீடு இதில் சேராது என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள். செலவுக்கென்று வாங்கிய பணத்தையும் கட்டணத்தையும் தனித்தனியாகக் கணக்கு வைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவது தடை செய்யப்பட்டது. நில எடுப்பு இழப்பீட்டு வழக்குகளில் இந்த ஆசை அதிகம் காட்டப்படும், விலகி நில்லுங்கள்.

ஆபீஸ் கூட்டு நிறுவனமாக இருந்தால் கூட்டாண்மைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாறாக எழுதியிருந்தால் ஒழிய, ஒரு கூட்டாளி இறந்தாலே நிறுவனம் கலைந்துவிடும். தொடரும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வக்கீல் அல்லாத எவரோடும் தொழில் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பதும் விதி. இறந்தவர் ஏற்கெனவே உழைத்துச் சேர வேண்டிய பாக்கிக் கட்டணம் அவருடைய வாரிசுகளுக்குச் சேரும். அதற்குப் பிறகு வரும் வருமானத்தில், வக்கீல் அல்லாத மனைவிக்கோ மற்ற பிள்ளைகளுக்கோ பங்கு தர முடியாது. குடும்பம் இதைத் தவறாகப் புரிந்துகொள்வது உண்டு. கட்டடம் பெரியவர் பெயரில் இருந்து, உயிலும் இல்லையென்றால் அது எல்லா வாரிசுகளுக்கும் உரியது. ஆகவே ஆபீஸை நடத்துகிற பிள்ளை, அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எழுத்துமூல ஒப்பந்தத்தோடு நியாயமான வாடகை கொடுப்பது சட்டத்துக்கும் உறவுக்கும் நல்லது.

வாதாடப் பழகுவது எங்கே? முதல் ஆண்டில் இடைக்கால மனுக்கள். கோர்ட் ஆணையராக நியமனம் கிடைத்தால் மறுக்காதீர்கள். இடத்தைப் போய் அளந்து, சர்வேயரோடு வரைபடம் போட்டு, இரு தரப்பு ஆட்சேபத்தையும் பதிந்து அறிக்கை கொடுத்தவருக்குத்தான் நில வழக்கில் குறுக்கு விசாரணை செய்யத் தெரியும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் பெயர் கொடுங்கள். அங்கே வரும் வழக்கில் நீங்களே தனியாக நிற்க வேண்டும், பெரியவர் பின்னால் இருக்க மாட்டார். வீட்டுப் பிள்ளைக்கு இது மிகவும் தேவை. "நான் அப்பாகிட்டயே பேசிக்கறேன் தம்பி" என்று கட்சிக்காரர் சொல்வது இயல்பு, கோபப்பட வேண்டாம். அந்த வழக்கின் தேதிவாரியான நிகழ்வுப் பட்டியலை நீங்களே தயார் செய்து, பேச்சு நடக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். அப்பா மறந்த பத்திர எண்ணை நீங்கள் எடுத்துச் சொன்னால், அடுத்த முறை அவர் உங்களையே கேட்பார்.

நீதித்துறைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மீண்டும் கொண்டுவந்தது. அதற்கு முதன்மை நீதித்துறை அலுவலரே சான்று தர வேண்டும், அல்லது பத்து ஆண்டு அனுபவமுள்ள வக்கீல் தரும் சான்றில் அவர் மேலொப்பமிட வேண்டும். உங்கள் பெயர் பதிவான உத்தரவு நகல்களை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். குடும்பத்தில் ஒருவர் நீதிபதி ஆனால், அப்பா, அண்ணன், மாமனார் என்று பார் கவுன்சில் விதி 6 பட்டியலிடும் நெருங்கிய உறவினர் அவர் முன் ஆஜராக முடியாது. நடந்துகொண்டிருக்கும் வழக்குகளை வேறு வக்கீலிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆபீஸை விட்டுத் தனியாகப் போகிற நாள் வெளியாளுக்கு எப்படியும் வரும். மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். உங்கள் பொறுப்பில் இருந்த கட்டுகளின் பட்டியலை, ஒவ்வொன்றின் அடுத்த தேதி, செய்ய வேண்டியது ஆகியவற்றோடு எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்சிக்காரர் யாராவது உங்களோடு வர விரும்பினால் அவரே ஆபீஸுக்கு எழுதித் தரட்டும்; ஆட்சேபமில்லை என்ற கையெழுத்தைப் பழைய வக்காலத்தில் பெற்ற பிறகே புதிய வக்காலத்தைத் தாக்கல் செய்யுங்கள். ஆபீஸின் அட்டவணையையோ வரைவுகளையோ பென் டிரைவில் எடுத்துப் போகாதீர்கள், அவற்றில் இருப்பது கட்சிக்காரர்களின் ரகசியம். நீங்கள் எழுதிய பிராதுகளின் நடையும் முறையும் உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் போன பிறகும் அந்த ஆபீஸில் உங்கள் பெயர் இருக்கும் வக்காலத்துகளிலிருந்து மெமோ போட்டு விலகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு ஆண்டு கழித்து ஏதோ ஒரு கோர்ட் அறிவிப்பு உங்கள் பெயருக்கு வந்து நிற்கும்.